ஐரோப்பியப் போட்டிச் சட்டம் படிக்க: கதலிக் குலையில் இருந்து தொடங்குங்கள்

முதுமாணி மட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டம் படிக்க வருகிறவர்கள் பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்கி, நாலாம் அத்தியாயத்தில் களைத்து நின்றுவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் சட்டவாசகம், அடுத்து ஒரேயொரு தீர்ப்பு முழுவதும், அதற்குப் பிறகுதான் பாடநூல்.

சட்டவாசகம் சின்னது. ஒன்றியத்தின் செயற்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 101ஆம், 102ஆம் உறுப்புரைகளைக் கொப்பியின் இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். கையாலேயே எழுதுங்கள். 101 போட்டியைக் குறைக்கக் கம்பனிகள் தங்களுக்குள் செய்யும் உடன்பாடுகள் பற்றியது. அதில் மூன்று பந்திகள்: தடை, செல்லாமை, விலக்கு. 102 சந்தையில் ஒரு கம்பனிக்கு உள்ள ஆதிக்க நிலையின் துஷ்பிரயோகத்தைத் தடுக்கிறது. அதில் விலக்குப் பந்தி இல்லை. பழைய தீர்ப்புகளில் இதே உறுப்புரைகள் 85, 86 என்றும், 1999 மே தொடக்கம் 81, 82 என்றும் வரும். 2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகே 101, 102 ஆயின. இந்த மூன்று சோடி எண்களையும் கொப்பியின் உள்மட்டையில் எழுதி வையுங்கள். இது தெரியாமல் பழைய தீர்ப்பை வேறு சட்டம் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு.

தீர்ப்புகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒன்றியத்தின் சட்டங்களும் தீர்ப்புகளும் உள்ள யூர்-லெக்ஸ் தளத்தில் எல்லாம் இலவசம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் செலெக்ஸ் எண் ஒன்று உண்டு: முதலில் 6, பிறகு வழக்குப் பதிவான ஆண்டு, நீதிமன்றைக் குறிக்கும் இரண்டு எழுத்து, கடைசியில் நாலு இலக்க வழக்கு எண். தீர்ப்பு வந்த ஆண்டைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. சிக்னல் நன்றாக இருக்கிற நேரத்தில் பத்துத் தீர்ப்புகளை இறக்கிப் போனில் வைத்துவிட்டால், வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸிலும் வாசிக்கலாம்.

முதல் தீர்ப்பாக யுனைட்டட் பிராண்ட்ஸை எடுங்கள். வழக்கு 27/76, தீர்ப்பு 1978. சிக்கிட்டா வாழைப்பழம் விற்ற கம்பனி, டோல் பழத்துக்கான விளம்பரத்தில் பங்கெடுத்த ஒலெசன் என்ற டென்மார்க் பழுக்கவைப்பாளருக்குப் பழம் கொடுப்பதை நிறுத்தியது. பச்சைக் காயை மறுபடி விற்கக்கூடாது என்றும் கட்டுப்பாடு போட்டிருந்தது. ஆதிக்க நிலையை ஒரு சந்தைக்குள் வைத்தே அளப்பதால், வாழைப்பழம் தனிச் சந்தையா, எல்லாப் பழமும் சேர்ந்த சந்தையின் ஒரு பகுதியா என்பதே முதல் கேள்வி. தனிச் சந்தை என்றது நீதிமன்று. 31ஆம் பந்தியில் அது சொன்ன காரணம்: மென்மை, விதையில்லாமை, ஆண்டு முழுக்கக் கிடைப்பது போன்ற குணங்களால் சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரின் தேவையை வாழைப்பழம் தொடர்ந்து நிறைவேற்றுகிறது.

இந்தப் பந்தியோடு கிளிநொச்சிச் சந்தைக்குப் போங்கள். பாலைப்பழமும் மாம்பழமும் வந்து குவிகிற காலத்தில் கதலியின் விலை இறங்குகிறதா, இதரை வாழைக்கு என்ன நடக்கிறது, கப்பல் வாழைக்கு என்ன நடக்கிறது என்று நாலு கிழமை தொடர்ந்து எழுதுங்கள். கதலி விலை 5 முதல் 10 வீதம் ஏறி அப்படியே நின்றால் எத்தனை பேர் வேறு பழத்துக்குப் போவார்கள், அந்த இழப்பால் விலையேற்றம் இலாபமில்லாமல் போகுமா? சந்தை வரையறைச் சோதனை கேட்பது இதைத்தான்.

31ஆம் பந்தியின் பலவீனமும் அங்கேயே தெரியும். பல்லில்லாத அம்மம்மாவுக்குக் கதலியை விட்டால் வேறு பழமில்லை. ஆனால் கடைக்காரர் அவவுக்கு ஒரு விலை, பள்ளிக்கூடப் பெடியனுக்கு ஒரு விலை என்று விற்பதில்லை. விலையைக் கூட்டினால் பெடியன் மாம்பழத்துக்குப் போவான், அந்த இழப்புக்குப் பயந்து விலை கூடாமல் நிற்கும். அவனுடைய தெரிவு அம்மம்மாவையும் காக்கிறது. ஆகவே, வேறு வழியில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது என்பது மட்டும் தனிச் சந்தையை நிரூபிக்காது. அவர்களுக்கு மட்டும் விலையைக் கூட்ட முடியுமா என்று காட்டவேண்டும். தீர்ப்பு சொன்னதை ஒப்புவிப்பது இளமாணிக்குப் போதும். முதுமாணியில் கேட்கப்படுவது இந்த விமர்சனம்.

அதே தீர்ப்பில் 65ஆம் பந்தி ஆதிக்க நிலையின் வரைவிலக்கணம், 182ஆம் பந்தி பழம் கொடுக்க மறுத்தது பற்றியது, 250உம் 252உம் மிகையான விலை பற்றியவை. பந்தி எண்ணோடு மேற்கோள் காட்டப் பழகுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

101க்கு நெல்லை எடுங்கள். காலபோக அறுவடை நேரம் ஐந்து ஆலைக்காரர் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தபடி மூட்டைக்கு இவ்வளவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று பேசிக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரேயொரு சந்திப்பு. அரிசி வாங்குகிறவருக்கு விலை ஏறவுமில்லை. அப்படியானால் பாதிப்பில்லை என்று எழுதுகிறவர்தான் இங்கே தவறுகிறார். 101(1) கொள்வனவு விலையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதற்கு அளவாகப் பொருந்துவது டி-மொபைல் நெதர்லாந்து வழக்கு (சி-8/08, 2009). ஐந்து கைபேசி நிறுவனங்கள் 2001 ஜூன் 13 அன்று ஒரு தடவை கூடி, விற்பனை முகவர்களுக்குக் கொடுக்கும் தொகையைக் குறைப்பது பற்றிப் பேசின. ஒரே சந்திப்பும் போதுமாகலாம், நுகர்வோர் விலையோடு நேரடித் தொடர்பு தேவையில்லை என்றது நீதிமன்று.

ஒரு எச்சரிக்கை: நெல்லை அப்படியே ஐரோப்பாவுக்குள் கொண்டுபோய் வைத்துப் பதில் எழுதினால் அதே ஒப்பந்தத்தின் 42ஆம் உறுப்புரை குறுக்கே வரும். விவசாய விளைபொருளுக்குப் போட்டி விதிகள் ஒன்றியச் சட்டவாக்கம் விட்ட அளவுக்கே பொருந்தும். விவசாயிகளுக்கும் அவர்களது சங்கங்களுக்கும் 1308/2013 ஒழுங்குவிதியில் நிபந்தனையோடு விலக்கு உண்டு. அது விவசாயிக்கு. விலை பேசிய ஆலைக்காரர் அதற்குள் ஒதுங்க முடியாது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் நெல் வாங்கி அரிசி விற்றால், இலாப நோக்கமில்லை என்பதால் அது தப்பாது. பொருளாதாரச் செயற்பாட்டில் ஈடுபடும் எதுவும், சட்ட வடிவம் எதுவானாலும், போட்டி விதிகள் கட்டுப்படுத்தும் தொழில்முயற்சியே. இது 1991இன் ஹொஃப்னர் தீர்ப்பு.

தீர்ப்பின் தற்போதைய நிலையைச் சரிபார்க்காமல் எழுதுவதால் போகிற புள்ளிகள் அதிகம். கணினிச் சில்லு செய்யும் இன்ரெல் கம்பனியின் வழக்கைப் பாருங்கள். 2009இல், போட்டி விதிகளை அமுல்படுத்தும் ஐரோப்பிய ஆணைக்குழு 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2014இல் பொது நீதிமன்று அதை உறுதி செய்தது. 2017இல் மேல் நீதிமன்று அந்தத் தீர்ப்பை நீக்கித் திருப்பி அனுப்பியது. 2022இல் பொது நீதிமன்று தண்டத்தை இரத்துச் செய்தது. 2024 ஒக்டோபரில் ஆணைக்குழுவின் மேன்முறையீடு தள்ளுபடியானது. 2014 தீர்ப்போடு நிற்கிற பழைய பாடநூலை நம்பினால் பதில் தலைகீழாகிவிடும். தீர்ப்புக்கு முன் நீதிமன்றுக்குக் கருத்துச் சொல்லும் அதிகாரியான அட்வகேட் ஜெனரலின் கருத்துரையைத் தீர்ப்பென்று காட்டுவதும் இதே வகைப் பிழை. அது நீதிமன்றைக் கட்டுப்படுத்தாது.

ஒன்றிணைப்புக் கட்டுப்பாட்டில், அதாவது கம்பனிகள் ஒன்றுசேர்வதை ஆணைக்குழு பரிசீலிப்பதில், கணக்கை மட்டும் பிழைவிடாமல் வைத்திருங்கள். பிரதான வரம்பில் எல்லாத் தரப்பினதும் உலகப் புரள்வு (ஆண்டு விற்பனை வருமானம்) சேர்ந்து 500 கோடி யூரோவைத் தாண்டவேண்டும், குறைந்தது இரு தரப்பினருக்குத் தனித்தனியே ஒன்றியத்துக்குள் 25 கோடியைத் தாண்டவேண்டும். எல்லாரும் தங்கள் ஒன்றியப் புரள்வில் மூன்றில் இரண்டுக்கு மேல் ஒரே நாட்டில் ஈட்டினால் பொருந்தாது. பரிசீலனையின் முதற் கட்டம் 25 வேலை நாள், இரண்டாவது 90. இரண்டும் நீளக்கூடியவை.

தண்டக் கணக்கில் 10 வீதத்தில் இருந்து தொடங்குவதுதான் வழக்கமான பிழை. சம்பந்தப்பட்ட பொருளின் ஆண்டு விற்பனை 10 கோடி யூரோ, அதில் தண்டத்துக்கு எடுக்கும் பங்கு 20 வீதம், மீறல் 3 ஆண்டு என்று வையுங்கள். 10 கோடியில் 20 வீதம் 2 கோடி, மூன்று ஆண்டுக்கு 6 கோடி. கார்ட்டெல் (போட்டிக் கம்பனிகளின் இரகசியக் கூட்டு) என்றால் ஆண்டு விற்பனையின் 15 முதல் 25 வீதம் மேலதிகம். அதையும் 20 என்று கொண்டால் 2 கோடி. மொத்தம் 8 கோடி. இனித்தான் 10 வீத உச்சவரம்பு. கம்பனியின் முன்னைய ஆண்டு உலகப் புரள்வு 50 கோடி என்றால் தண்டம் 5 கோடியோடு நிற்கும், 100 கோடி என்றால் 8 கோடி அப்படியே போகும். இந்தக் கணக்கை மூன்று வேறு புரள்வு வைத்து, கல்குலேற்றர் இல்லாமல் செய்து பாருங்கள்.