லே நகரிலிருந்து பத்தர் சாகிப் குருத்வாராவுக்குச் சென்று வருவது எப்படி?

லடாக்கின் லே நகரிலிருந்து கார்கிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் சீக்கியர்களின் கோயிலான பத்தர் சாகிப் குருத்வாரா இருக்கிறது. இப்பெயரில் உள்ள பத்தர், நம் வழக்கில் அடியாரைக் குறிக்கும் பத்தர் அன்று. இந்தியிலும் பஞ்சாபியிலும் அதற்குக் கல் என்று பொருள். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கிளம்பிவிடுபவர்கள் உண்டு. அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்.

லே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலும், குருத்வாரா சுமார் 12,000 அடி உயரத்திலும் உள்ளன. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள்களை அறையில் ஓய்வாகக் கழித்துவிட்டு, தலைவலியோ குமட்டலோ இல்லையென்றால் மூன்றாம் நாள் காலையில் புறப்படுங்கள். இதய நோயோ நுரையீரல் கோளாறோ உள்ளவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு உள்ள ஒருவராவது உடன் இருக்கட்டும்.

வாடகைக் காரில் செல்வதே எளிது. அதே சாலையில் சற்றுத் தள்ளி, வண்டி தானாக மேட்டில் ஏறுவது போலத் தோன்றும் காந்தக் குன்றும், நிம்மு என்ற ஊரருகே சிந்து ஆறும் சன்ஸ்கார் ஆறும் கூடும் சங்கமமும் இருப்பதால், ஓட்டுநர்கள் மூன்றையும் ஒரே பயணமாகச் சேர்த்து, குருத்வாராவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது வழக்கம். அது போதாது. ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். சங்கமத்தை முதலில் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் நண்பகலில் இங்கு வருவதே என் கணக்கில் நல்ல வரிசை.

உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ள, கதையை அறிந்து செல்வது நல்லது. சீக்கியர்களின் முதல் குருவான குரு நானக் 1517ஆம் ஆண்டு வாக்கில் இவ்வழியே வந்தார் என்பது மரபு. அவர் தியானத்தில் இருந்தபோது, மக்களைத் துன்புறுத்திவந்த அரக்கன் ஒருவன் குன்றின் மேலிருந்து ஒரு பாறையை உருட்டிவிட, அது அவர் முதுகில் பட்டதும் மெழுகாய் இளகியதாம். ஆத்திரத்தில் அவன் உதைத்தபோது அவனுடைய பாதமும் அதில் புதைந்துவிட்டதாம். லடாக்கியர் அவரை நானக் லாமா என்று போற்றுகிறார்கள். பிற்காலத்தில் சாலை போடும்போது, பௌத்தர்களின் வழிபாட்டுக் கொடிகள் சூழக் கிடந்த இந்தப் பாறையை அகற்ற முடியாமல் போனதாகவும், அதன் பிறகே கோயில் எழுந்ததாகவும் சொல்கிறார்கள். குருத்வாராவை இன்று இராணுவம் பராமரிக்கிறது; இவ்வழியே செல்லும் இராணுவ வாகனங்கள் இங்கு நின்று வணங்கிச் செல்வது வழக்கம்.

சாமியறைக்குள் போகுமுன் காலணிகளைக் கழற்றி, கைகால் கழுவி, ஆண் பெண் யாவரும் தலையைத் துணியால் மூட வேண்டும், தொப்பி போதாது. புகையிலையும் மதுவும் உடன் இருக்கக் கூடாது. தரை சில்லென்றிருக்கும் என்பதால் தடித்த காலுறை உதவும். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபின் முன் மண்டியிட்டு வணங்கியபின், அதை நோக்கிக் கால் நீட்டாமல் ஓரமாக அமருங்கள். பிறகு பாறையை அருகில் நின்று பாருங்கள்: தலையும் தோளும் முதுகும் சாய்ந்திருந்தது போன்ற குழிவு, அது என்னவென்று தெரிந்து பார்ப்பவர் கண்ணுக்கு மெல்லப் பிடிபடும்.

பிரசாதத்தை இரு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று மறுப்பது அழகன்று. எல்லோருக்கும் இலவசமாக உணவிடும் லங்கரில் யாராக இருந்தாலும் தரையில் ஒரே வரிசையில்தான் அமர வேண்டும். தட்டில் மிச்சம் வைக்காத அளவுக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவும் இடத்தில் சிறிது நேரம் நின்று உதவலாம், யாரும் தடுப்பதில்லை. விரல் மரத்துப்போகும் குளிர்நீர் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.