தேவன்பிட்டிக் கோயிலுக்குப் போவதென்றால்

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் இருக்கும் மடு மாதா கோயிலுக்கு எல்லாரும்தான் போகிறார்கள். 2008 ஏப்ரலில் இராணுவத்துக்கும் புலிகளுக்குமான சண்டை நெருங்கியபோது அந்த மடு மாதாவின் சுரூபத்தையே கொண்டுபோய் வைத்திருந்த தேவன்பிட்டி சவேரியார் கோயிலையும் ஒருக்கால் பாருங்கள். மன்னாரிலிருந்து ஏ-32 வீதியில் பூநகரிப் பக்கமாக, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை எல்லாம் கடந்து, வெள்ளாங்குளம் வர முன்னமே இடதுகைப் பக்கம் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். பஸ் என்றால் ஏறும்போதே கொண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். வெயில் பொல்லாதது, காலையிலேயே வெளிக்கிடுங்கள், தண்ணிப் போத்தல் கட்டாயம். கோயில் பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள், திறப்பு யாரிடம் என்று அநேகமாகத் தெரிந்திருக்கும். செருப்பு வெளியே. சவேரியார் திருநாள் டிசம்பர் 3, இந்த வன்னிப் பக்கத்தில் மாரி மழையும் அப்போதுதான், அதனால் குடையும் சேற்றுக்கு ஏற்ற செருப்பும் வேண்டும்.