அப்துர் ரஹ்மான்: பொருள் கொள்வதில் நேரும் பிழைகள்

குழந்தைகளுக்கான பெயர்த் தொகுப்புகளில் 'அப்துர் ரஹ்மான்' என்பதற்கு எதிரே 'கருணை உள்ளவன்' என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் பிழை அதுதான். அங்கே சொல்லப்படும் கருணை இறைவனுடையது. பெயரைத் தாங்கும் பிள்ளையினுடையது அன்று. 'அப்து' என்றால் அடியான். 'அர்ரஹ்மான்' என்பதைத் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகள் 'அளவற்ற அருளாளன்' என்று தருகின்றன. இரண்டும் சேர்ந்தால் 'அளவற்ற அருளாளனின் அடியான்' என்பதே பொருள்.

நம் ஊர் ராமதாசனில் அடியானைக் குறிக்கும் சொல் பின்னால் நிற்கிறது. அரபியில் அது முன்னால் வந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல் 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடும்போது, யாருடைய அடியான் என்பது விடுபட்டு, அடுத்த சொல்லுக்கு உரிய 'அல்' என்ற இடைச்சொல் மட்டும் வாலாக ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. ஓர் அலுவலக வரிசையில் 'அப்துல்' என்று அழைத்ததும் மூன்று பேர் எழுந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். ஒருவர் காதர், ஒருவர் ஹமீத், ஒருவர் ரஹ்மான். படிவத்தில் முதற்பெயர்க் கட்டத்தில் 'அப்துல்', குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'ரஹ்மான்' என்று பிரித்து எழுதுவதும் இதே பிழைதான். மறுபக்கம், 'ரஹ்மான்' என்று மட்டும் அழைப்பதை மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை, ஏனெனில் அது இறைவனுக்கே உரிய பெயர்; அதே வேரில் பிறந்த 'ரஹீம்' என்ற சொல்லையோ குர்ஆன் நபிகளாருக்கும் வழங்குகிறது (9:128).

'அபுல்', 'அப்துல்' இரண்டையும் குழப்புவோரும் உண்டு. அபுல் கலாம் ஆசாத்தின் பெயரில் இருப்பது 'தந்தை' என்னும் பொருளுடைய 'அபு'. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமின் பெயரில் இருப்பது 'அப்து'.

எழுத்துக்கூட்டலில் சற்றே தாராளம் தேவை. 'அல்' என்பதன் லகரம் ரகரத்துக்கு முன் ஒலிக்காமல் அதனுடன் கரைந்துவிடுவதால், அப்துஸ் ஸலாம் போலவே அப்துர் ரஹ்மான் என்பதே அரபி உச்சரிப்பு. அரபி எழுத்தில் 'லாம்' என்னும் லகர எழுத்து அப்படியே இருக்கும். தமிழில் 'அப்துல் ரகுமான்' என்பது ஊன்றிவிட்ட வடிவம். 'கவிக்கோ' எனப்பட்ட கவிஞர் அப்துல் ரகுமானே அப்படித்தான் எழுதினார். அதைத் திருத்தக் கிளம்புவதைவிட, சான்றிதழ்கள் அனைத்திலும் ஒரே வடிவம் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

'ரஹ்மான்' இஸ்லாத்துடன் தோன்றிய சொல் என்று கருதுவதும் சரியன்று. அதற்கு முந்தைய யேமன் கல்வெட்டுகளில், யூதர்களும் கிறிஸ்தவர்களும் இறைவனை 'ரஹ்மானான்' என்று குறித்திருக்கிறார்கள். மக்காவில்தான் அது அந்நியமாகப் பட்டது. 628இல் நபிகளாருக்கும் மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் இடையே ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் தொடக்கத்தில் அந்தப் பெயர் வருவதை, ரஹ்மான் யாரென்று எங்களுக்குத் தெரியாது என்று குறைஷியரின் தூதர் சுஹைல் மறுத்தார். அதற்கு முன்பே, அப்து அம்ர் என்ற பழைய பெயரை விட்டு அப்துர் ரஹ்மான் ஆகியிருந்த நபித்தோழர் இப்னு அவ்ஃபிடம் குறைஷித் தலைவர்களுள் ஒருவரான உமையாவும் இதையே சொல்லி, பழைய பெயரையே எழுதும்படி கேட்டார். உமையாவுடன் இப்னு அவ்ஃப் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அப்து அம்ர் என்றே எழுதப்பட்டது.