கூகுள் டிரெண்ட்ஸ் பார்த்துச் சரக்கு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருப்பவரும் சரி, பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் அக்காவும் சரி, இப்போது சரக்கு எடுக்கும் முன் கூகுள் டிரெண்ட்ஸை ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். காசு கட்ட வேண்டாம், 2004 முதல் மக்கள் எதைத் தேடினார்கள் என்ற போக்கு அதில் கிடைக்கிறது. ஆனால் அதைத் தப்பாகப் படித்துவிட்டுக் கையில் இருக்கும் பணத்தைச் சரக்கில் போட்டு முடக்கிவிட்டால், சிறு வியாபாரிக்கு எழுந்து நிற்கவே ஒரு வருடம் ஆகிவிடும்.

பெரும்பாலான குழப்பம் டிரெண்ட்ஸ் கோட்டில் காட்டும் 0 முதல் 100 வரையுள்ள எண்ணில்தான் தொடங்குகிறது. எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அல்ல அது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்கிறார்கள். அந்தப் பங்கு எப்போது உச்சத்தில் இருந்ததோ அதை 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்த 100-க்குப் பின்னால் லட்சம் தேடலும் இருக்கலாம், சில நூறும் இருக்கலாம்.

மாநிலவாரிப் பட்டியலிலும் இதே கணக்குதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் சுமார் 70 லட்சம் பேர். பெர்லிஸில் 3 லட்சம்கூட இல்லை. ஒரு சொல்லுக்குப் பெர்லிஸ் 100, சிலாங்கூர் 60 என்று வந்தாலும், தேடியவர்கள் சிலாங்கூரில்தான் பல மடங்கு அதிகம். பட்டியலில் முதலில் நிற்கிறதே என்று விளம்பரக் காசை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு கவனம் தேவை. கோலாலம்பூர் என்று தட்டினால் கூட்டரசுப் பிரதேசம் மட்டும்தான் வரும். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் எல்லாம் சிலாங்கூர் கணக்கு. பத்துமலையே சிலாங்கூரில்தான் இருக்கிறது! டெலிவரி செய்கிறவர் என்றால் இரண்டையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். பினாங்கில் இதற்கு நேர்மாறு: மாநிலக் கோட்டில் தீவும் செபராங் பிறையும் கலந்தே வரும்.

பினாங்கை மட்டும் வைத்து நம் பொருட்களைத் தேடினால் பல வாரங்களுக்கு 0 என்றே காட்டும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தேடல் மிகக் குறைவாக இருந்தாலும் டிரெண்ட்ஸ் 0 என்றுதான் போடும். முழு மலேசியா, ஐந்து வருடம் என்று விரித்துப் பாருங்கள். இது எல்லாத் தேடலையும் எண்ணிச் சொல்வதல்ல, ஒரு மாதிரியை எடுத்துக் கணக்கிடுவது. அதனால் சிறிய சொற்களுக்கு இன்று பார்த்த கோடும் நாளை பார்க்கும் கோடும் கொஞ்சம் மாறும். நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அப்புறம், தட்டும் சொல். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். சேலை வியாபாரத்துக்காக ஆங்கில எழுத்தில் எஸ், ஏ, ஆர், ஐ என்று நான்கு எழுத்தைத் தட்டினால் மலேசியாவில் என்ன நடக்கும்? மலாயில் 'சாரி காத்தா' என்றால் படத்தின் அடியில் ஓடும் வசனவரி. வசனவரி தேடிய சினிமா ரசிகர்களும் உங்கள் சேலைக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். கழித்தல் குறி போட்டு 'காத்தா'வை நீக்கலாம். இரண்டு ஈ போட்டு முடியும் (எஸ், ஏ, ஆர், ஈ, ஈ) எழுத்துக்கூட்டலைத் தனியாகவும் பார்க்கலாம். முறுக்கை ஒரு கே போட்டுத் தேடுபவரும் உண்டு, இரண்டு கே போடுபவரும் உண்டு. நடுவே கூட்டல் குறி போட்டால் இரண்டும் சேர்ந்து வரும். குர்த்தாவை மலாய்க்காரர்களும் நோன்புப் பெருநாளுக்கு வாங்கி உடுத்துகிறார்கள். மார்ச், ஏப்ரலில் கோடு ஏறினால் அது தீபாவளிக்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்தச் சொல்லாக இருந்தாலும் கீழே வரும் தொடர்புடைய தேடல்களைப் படித்துவிடுங்கள். யார், எதற்காகத் தேடுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பண்டிகைத் தேதியை மறந்து மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய நஷ்டம் தரும் தவறு. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அதாவது 2025 அக்டோபரில் கடைசி நேர வாங்கலும் பண்டிகையும் முடிந்தே போயின; 2023 அக்டோபரில் கூட்டம் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். இரண்டு அக்டோபரையும் பக்கத்தில் வைத்து, தேவை கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவதில் பொருளே இல்லை. 2026-இல் பண்டிகை நவம்பர் 8-க்குத் தள்ளிப் போகிறது. 2025-இன் செப்டம்பர் ஏற்றத்தை நம்பிப் பலகார மாவும் டப்பாவும் வாங்கினால் கிட்டத்தட்ட மூன்று வாரம் முந்திவிடுவீர்கள். தீபாவளி நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணி, ஆறாவது வாரத்தை ஆறாவது வாரத்தோடு ஒப்பிடுங்கள். தைப்பூசத்துக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இதே முறைதான்.

தொடர்புடைய தேடல்களில் வரும் 'பிரேக்அவுட்' என்ற அடையாளத்தைப் பார்த்தும் பதற வேண்டாம். தேடல் 5,000 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அப்படிப் போடுகிறார்கள். முன்பு ஒன்றுமே இல்லாத சொல்லுக்கு அந்த ஏற்றம் எளிதில் வந்துவிடும். பழைய ஏற்றங்களைப் பார்க்கும்போதும் கவனம்: கோவிட் காரணமாக 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த அந்தக் காலத்தை எதற்கும் அளவுகோலாக வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஷாப்பி, லசாடா, டிக்டாக் செயலிகளுக்குள் நடக்கும் தேடல் எதுவும் இந்தக் கோட்டில் வராது. வாங்கும் முடிவோடு இருப்பவர்கள் பலர் நேராக அங்கேதான் போகிறார்கள். டிரெண்ட்ஸில் காலத்தைப் பாருங்கள், கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்ட் பிளானரில் தோராயமான மாதத் தேடல் எண்ணிக்கையைப் பாருங்கள், ஷாப்பியில் அதே பொருள் எத்தனை விற்றிருக்கிறது, என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால், வழக்கமாக வாங்குபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முன்பதிவு கேளுங்கள். எத்தனை பேர் முன்பணம் கட்டுகிறார்களோ, அதை வைத்து முதல் சரக்கை எடுங்கள்.