இரவில் மட்டும் என்னை அடையாளம் காணாத கார்

திருட்டைத் தடுக்க, பதிவான முகம் பொருந்தினால் மட்டுமே ஸ்டார்ட்டர் ரிலே (எஞ்சினைக் கிளப்பும் மின்சுவிட்ச்) இணையும்படி ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைக் கொண்டு என் காரில் நான் செய்த ஏற்பாடு, பகலில் பிழையின்றி இயங்கினாலும் இரவில் என்னையே அந்நியனாக நிராகரித்தது. கேமராவை மாற்றியும் பயனில்லை. முகப்பொருத்தத்தின் தொலைவு வரம்பை (பதிவான முகத்திலிருந்து எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்ற அளவை), வழக்கமான 0.6இலிருந்து 0.7ஆக உயர்த்தியபோது என் தம்பியையும் அது ஏற்றுக்கொண்டது; பாதுகாப்புக்கு இது கூடவே கூடாது என்பதால் உடனே பழைய மதிப்புக்குத் திரும்பினேன். நான்காம் நாள் இரவுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இருட்டில் கேமராவுக்கு வெளிச்சம் தரும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கின் ஒளி என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரு கண்களையும் வெண்புள்ளிகளாக மறைத்திருப்பது தெரிந்தது. கேமராவை ஒட்டியிருந்த விளக்கைக் கழற்றி, முன்கண்ணாடியின் ஓரத் தூணில் சாய்வாகப் பொருத்தி, அகச்சிவப்பு ஒளியிலேயே பத்துப் படங்கள் எடுத்து முகத்தை மறுபதிவு செய்தேன். ஒரு வாரமாக முதல் முயற்சியிலேயே ரிலே இணைகிறது, பெரும் நிம்மதி.