பழைய காருக்கு க்ரூஸ் கன்ட்ரோல்: வேகத்தைப் பிடிக்கிறதா என்பதற்கு முன், விடுகிறதா என்று பாருங்கள்

தொண்டியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அம்பாசடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், திருப்பாலைக்குடி வருவதற்குள் வலது முழங்கால் கடுக்க ஆரம்பித்துவிடும். சாலையில் ஏற்ற இறக்கம் கிடையாது. அறுபதில் காலை அப்படியே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான், காலை எடுத்தாலும் வேகத்தை அப்படியே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் கிட் மாட்டும் ஆசை வருகிறது. பழைய வண்டிக்கு இது ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் இதைக் கொண்டுவந்தது 1958-இல். அம்பாசடர் பிறந்த காலமும் ஏறக்குறைய அதுதான். அதனால் தாராளமாக மாட்டலாம்.

ஆனால் மாட்டியதும் எல்லாரும் பார்ப்பது, வேகத்தைப் பிடிக்கிறதா என்பதை மட்டுமே. தொட்டவுடன் விடுகிறதா என்று பார்ப்பதில்லை.

எனக்கு அது தேவிபட்டினத்துக்கு முன்னால் புரிந்தது. சீமைக்கருவேல மறைவிலிருந்து ஆடுகள் சாலைக்கு ஏறின. பிரேக்கை மெதுவாகத் தொட்டேன். வண்டி இழுத்துக்கொண்டே போனது. பதறிப்போய் கிளட்சை மிதித்தால் என்ஜின் அலறியது. சாவியைத் திருப்பி அணைத்துத்தான் நிறுத்தினேன்.

காரணம் பிரேக் விளக்கின் ஸ்விட்ச். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் இந்த ஸ்விட்ச் பெடலில் இருக்காது, பிரேக் ஆயில் குழாயில் இருக்கும். ஆயில் அழுத்தம் ஏறினால்தான் வேலை செய்யும். லேசாக மிதித்தால் விளக்கே எரியாது, விளக்கு எரியாவிட்டால் க்ரூஸும் விடாது. அன்று கழற்றிப் பார்த்தபோது முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. நம் கடற்காற்றில் செம்பு இப்படித்தான் ஆகும். ஆகவே பழைய ஸ்விட்சை நம்பாமல், பெடல் கால் அங்குலம் இறங்கினாலே வேலை செய்யும் தனி ஸ்விட்ச் ஒன்றைப் போடுங்கள். கிளட்ச் பெடலுக்கும் அதேபோல் ஒன்று கட்டாயம் வேண்டும். பல கிட்டுகள் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை மனதில் வைத்துச் செய்தவை என்பதால், கிளட்ச் ஒயரை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பின் விளக்கில் எல்இடி பல்பு போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல கிட்டுகள் பல்பின் இழை வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. பல்பு போனால் க்ரூஸும் வேலை செய்யாது என்ற நல்ல ஏற்பாடு அது. எல்இடியில் இழை இல்லை, கிட் உயிர் பெறாது. உடனே அந்த ஒயரை நேராக பாடியில் எர்த் செய்து ‘சரி பண்ணிவிட்டேன்’ என்பார்கள். அது சரிசெய்தது அல்ல, பாதுகாப்பைப் பிடுங்கிப் போட்டது. ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்தால் முடிந்துவிடும்.

பழைய சோக் கேபிளை ஆக்சிலரேட்டரில் கோத்து ‘கை க்ரூஸ்’ செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேக் மிதித்தாலும் அது விடாது.

ஆக்சிலரேட்டரை நம் காலுக்குப் பதிலாக இழுத்துப் பிடிக்கும் சர்வோவுக்கு வருவோம். வேக்குவத்தில் இயங்கும் சர்வோவுக்கு பெட்ரோல் என்ஜினின் மேனிபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்) உறிஞ்சல் வேண்டும். ஏற்றத்தில் திராட்டில் திறக்கத் திறக்க அந்த உறிஞ்சல் குறையும், அதனால் சின்ன வேக்குவம் டப்பாவும் ஒருவழி வால்வும் சேர்த்துப் போட வேண்டும். டீசல் அம்பாசடருக்கு மோட்டாரில் இயங்கும் சர்வோவே நல்லது. கார்புரேட்டருக்குப் போகும் சங்கிலியை இறுக்கிக் கட்டினால் ஐடில் இறங்காது, இத்தனூண்டு தளர்வு இருக்கட்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் பழையதென்றால் மாற்றி, கூடவே இரண்டாவது ஒன்றும் போடுங்கள்.

வேகம் அறியும் காந்தத்தை புரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழலும் தண்டு) பின்பக்கம் கட்டாதீர்கள். பட்டை ஸ்பிரிங்கோடு அந்த முனை ஏறி இறங்கும், இடைவெளி மாறும், வேகமும் தள்ளாடும். கியர்பாக்ஸ் பக்கமே கட்டுங்கள்.

1950, 60களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைப் பார்க்காமல் இணைத்தால் கிட் புகைந்துவிடும்.

எர்த் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சோதனை ஓட்டத்தில் முதலில் பிரேக்கைக் கால் விரலால் தொட்டுப் பாருங்கள், அப்புறம் கிளட்ச், அப்புறம் க்ரூஸை அணைக்கும் ஸ்விட்ச். மூன்றிலும் உடனே விட்டால்தான் வண்டி தயார்.

அப்படித் தயாரான வண்டியிலும் மண்டபம் வந்ததும் நான் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், கடலைப் பார்க்க நிற்பவர்களும் குறுக்கே வருவார்கள். தனுஷ்கோடி சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து தாரில் கொட்டியிருக்கும். அங்கே என் கால்தான் ஆக்சிலரேட்டரில் இருக்கும்.