சிமெண்ட எடுத்தோம், செங்கல் பிழைச்சுது

லண்டன்ல நாங்க வாங்குனது 1890கள்ல கட்டுன விக்டோரியன் வீடு, கவனிப்பே இல்லாம முன்பக்க செங்கல் எல்லாம் பொரிஞ்சு உதிர்ந்துட்டு இருந்துச்சு. காரணம், முன்னாடி யாரோ செங்கல் இடுக்குல சிமெண்ட் வச்சு பூசியிருக்காங்க. அது நடுவுல இடைவெளி இல்லாத 9 அங்குல கெட்டிச் சுவர், உள்ள போற ஈரம் சுண்ணாம்பு இடுக்கு வழியாதான் வெளிய வரணும், அத சிமெண்ட் அடைச்சுட்டா ஈரம் செங்கல்லயே தங்கி குளிர்ல உறைஞ்சு விரிஞ்சு அதோட முகத்தையே பேத்துடும். கல்லறுக்குற கிரைண்டர் செங்கல் ஓரத்த அறுத்துடும்னு உளியும் சுத்தியலும் வச்சே பொறுமையா சுரண்டுனோம். அப்புறம் தண்ணி தெளிச்சு, என்ஹெச்எல் 3.5ங்கிற, தண்ணி சேர்ந்தா இறுகுற இயற்கை சுண்ணாம்பையும் மணலையும் குழைச்சு இடுக்குல அமுக்கி, நனைச்ச சாக்க தொங்கவிட்டு மெதுவா காயவிட்டோம். உறைபனி காலத்துல மட்டும் இத தொடாதீங்க. ஜன்னல்ல இருக்க பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், தண்ணி போட்டுதான் தேய்க்கணும், அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து.